திமிங்கலத்துக்கு ஒரே ஒரு மார்க்

மரக்காணம் கடற்கரையில் ஒரு டால்பின் உயிரோடு கரை ஒதுங்கிக் கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சுற்றிலும் ஐம்பது பேர். அதில் முப்பது பேர் செல்போனில் படம் எடுக்கிறார்கள். மீதி இருபது பேர் நல்ல மனசுக்காரர்கள். ஏதாவது செய்யணுமே என்று தவிக்கிறார்கள். அதில் ஒருத்தர் ஓடிப்போய் பிளாஸ்டிக் குடத்தில் கடல் தண்ணீர் மொண்டு வருகிறார். எங்கே ஊற்றுவார் சொல்லுங்கள்?

நேராகத் தலையில்தான். தண்ணீர் இல்லாமல்தானே மீன் மூச்சுத் திணறுகிறது! குடம் குடமாகத் தலையில் ஊற்றினால் பிழைத்துக்கொள்ளும் என்பது அவர் கணக்கு.

டால்பினுக்கு மூக்கே உச்சந்தலையில்தான் இருக்கிறது. அது மீன் கிடையாது. உங்களையும் என்னையும் போல நுரையீரலால் மூச்சு விடுகிற பிராணி. அந்த மூக்குத் துளை மூச்சுக்காகத் திறக்கிற நேரம் பார்த்து ஒரு குடம் தண்ணீர் விழுந்தால், உள்ளே போகும். காப்பாற்ற வந்தவரே மூக்கில் தண்ணீர் ஊற்றியவர் ஆகிவிடுவார். செய்ய வேண்டியது வேறு. வயிறு தரையில் படும்படி நேராக வைத்து, ஈரத்துணியை உடம்பில் போர்த்தி, மூக்குத் துளையை மட்டும் திறந்துவிட வேண்டும். நிழல் கொடுக்க வேண்டும். வாலைப் பிடித்து இழுக்கக் கூடாது. கூட்டத்தைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு வனத்துறைக்குத் தகவல் சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

இது பெரிய மிருக டாக்டர் சமாசாரம் இல்லை. 'இது மீன் அல்ல' என்ற மூன்று வார்த்தை உண்மையாகவே மண்டையில் ஏறியிருந்தால் போதும். ஏறவில்லை. ஏன் ஏறவில்லை என்பதுதான் இந்த வாரக் கட்டுரை.

இந்த வாரம் நான் விமர்சனத்துக்கு எடுத்துக்கொண்டது நாவலும் இல்லை, சினிமாவும் இல்லை. லட்சக்கணக்கில் அச்சாகி, லட்சக்கணக்கான பிள்ளைகள் நெட்டுரு போட்டு, பரீட்சை முடிந்ததும் பழைய பேப்பர் கடைக்குப் போகிற ஒரு புத்தகம். தமிழ்நாடு அரசு 2019-ல் வெளியிட்ட பத்தாம் வகுப்பு அறிவியல் பாடநூல். அதில் 'உயிரின் தோற்றமும் பரிணாமமும்' என்கிற பாடம். இந்த மாதிரிப் புத்தகங்களுக்குப் பத்திரிகைகளில் யாரும் மதிப்புரை எழுதுவதில்லை. நம் ஊரில் அதிகம் பேர் படிக்கிற புத்தகம் அதுதான் என்றாலும்!

முதலில் பாராட்டிவிடுவோம். 2023-ல் டெல்லியில் என்ன நடந்தது என்று நினைவிருக்கிறதா? என்.சி.இ.ஆர்.டி. தன்னுடைய பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்திலிருந்து பரிணாமத்தையே தூக்கிவிட்டது. 'பாரம்பரியமும் பரிணாமமும்' என்று இருந்த பாடம் வெறும் 'பாரம்பரியம்' ஆனது. 1,800-க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் கையெழுத்துப் போட்டுக் கண்டித்தார்கள். அந்தப் பக்கம் அப்படி இருக்க, நம் பாடநூல் பரிணாமத்துக்கு ஒரு முழுப் பாடமே ஒதுக்கியிருக்கிறது. சபாஷ்.

இரண்டாவது பாராட்டு, விழுப்புரம் மாவட்டத்துக்காரர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ள வேண்டிய விஷயம். அந்தப் பாடத்தில் திருவக்கரை வருகிறது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி வக்ரகாளியம்மன் கோயிலுக்குக் கூட்டம் அலைமோதுகிறதே, அதே திருவக்கரைதான். கோயிலுக்குப் போகிற பலரும் பக்கத்திலேயே இருக்கிற தேசியக் கல்மரப் பூங்காவை எட்டிப் பார்க்காமல் பஸ் ஏறிவிடுகிறார்கள். செம்மண் மேட்டில், விறகுக் கடையில் கொட்டிப் போட்ட மாதிரி மரங்கள் கிடக்கின்றன. தட்டிப் பார்த்தால் கல். சுமார் 2 கோடி வருஷத்துக்கு முந்தைய மரங்கள். வேரோ கிளையோ இலையோ இல்லை என்பதால், வேறெங்கோ வளர்ந்து வெள்ளத்தில் அடித்து வரப்பட்டவை என்று நிலவியல்காரர்கள் சொல்கிறார்கள். 1781-லேயே சொன்னராத் என்ற பிரெஞ்சுக்காரர் இதைப் பார்த்துக் குறிப்பு எழுதி வைத்திருக்கிறார்.

பாராட்டு முடிந்தது. இனி புகார்.

அந்தப் பாடத்தில் திமிங்கலம் எங்கே வருகிறது தெரியுமா? மனிதனின் கை, பூனையின் முன்னங்கால், திமிங்கலத்தின் துடுப்பு, வௌவாலின் இறக்கை. இந்த நாலும் வெளியே வேறு வேறு மாதிரி இருந்தாலும் உள்ளே ஒரே எலும்பு அமைப்பு. இவை 'அமைப்பு ஒத்த உறுப்புகள்'. அவ்வளவுதான். வந்த வேகத்தில் திமிங்கலம் போய்விடுகிறது. பையன் அதை ஒரு மார்க் கேள்வியாக மனப்பாடம் பண்ணிக்கொள்கிறான். 'சார், திமிங்கலத்துக்கு எதுக்கு சார் கை எலும்பு?' என்று ஒருத்தன் எழுந்து கேட்டால், பதில் சொல்ல அந்தப் பக்கத்தில் ஒன்றும் இல்லை.

சரி, நாம் சொல்லிப் பார்ப்போம். பத்து ரூபாய் செலவில்லாமல்.

விழுப்புரத்தில் நின்றுகொள்ளுங்கள். அதுதான் இன்றைய தேதி. ஜி.எஸ்.டி. ரோட்டில் திண்டிவனத்தைப் பார்த்து நடங்கள். ஒவ்வொரு கிலோமீட்டரும் 10 லட்சம் வருஷம் பின்னால் போவதாக வைத்துக்கொள்வோம். நம் மனித இனத்துக்கு வயது சுமார் 3 லட்சம் வருஷம். அதாவது 300 மீட்டர். ராஜராஜன், அசோகன், எகிப்து பிரமிடு எல்லாம் நீங்கள் முதல் அடி எடுத்து வைத்து, பத்தடி தாண்டுவதற்குள்ளேயே முடிந்துவிடும். விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டி, 20-வது கிலோமீட்டரில் திருவக்கரை மரங்கள் வெள்ளத்தில் மிதந்து வருகின்றன. அப்போதே கடலில் திமிங்கலம் திமிங்கலமாகத்தான் இருக்கிறது. காலெல்லாம் போய்ப் பல காலம் ஆயிற்று.

இன்னும் நடங்கள். 40-வது கிலோமீட்டரை ஒட்டி திண்டிவனம். இங்கே கடலில் பாசிலோசாரஸ் என்ற திமிங்கலம் நீந்துகிறது. பதினைந்து மீட்டருக்கு மேல் நீளம். அந்த உடம்பின் பின்பக்கத்தில், பார்த்தால் சிரிப்பு வரும், குட்டியாக இரண்டு கால்கள். முட்டி, கணுக்கால், விரல் எல்லாம் சேர்த்து! நடக்க லாயக்கில்லாத கால். எகிப்துப் பாலைவனத்தில் இந்தக் கால்களைக் கண்டுபிடித்து 1990-ல் அறிவித்தார்கள்.

திண்டிவனத்தைத் தாண்டி இன்னும் ஒரு பத்து கிலோமீட்டர். ஒலக்கூர் பக்கம் வந்துவிட்டோம். 5 கோடி வருஷம். இங்கே திமிங்கலம் நாலு காலில் நடந்துகொண்டிருக்கிறது! ஓநாய் அளவு. பெயர் பாகிசீட்டஸ். பாகிஸ்தானில் கிடைத்ததால் அந்தப் பெயர். ஆக, நாலு காலில் நடந்த ஒரு பிராணி, கரைக்கே வர முடியாத கடல்வாசியாக மாறிய மொத்தக் கதையும் ஒலக்கூருக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில் முடிந்துவிடுகிறது. ஒரு கோடி வருஷம். நமக்கு அது பெரிசு. பூமிக்கு அது பஸ்ஸில் இரண்டு ஸ்டாப்.

'ஓநாய் மாதிரி இருந்ததைத் திமிங்கலம் என்று எப்படிச் சொல்கிறார்கள்? யாராவது பார்த்தார்களா?' என்று நீங்கள் கேட்கலாம். கேட்கவும் வேண்டும். விஷயம் காதில் இருக்கிறது. திமிங்கலம், டால்பின் வகையறாவுக்குக் காது எலும்பின் உள்விளிம்பு ஒரு மாதிரி தடித்து உருண்டிருக்கும். வேறு எந்தப் பாலூட்டிக்கும் அப்படிக் கிடையாது. பாகிசீட்டஸுக்கு அந்தக் காது இருந்தது. மண்டை ஓட்டை மட்டும் வைத்துக்கொண்டு, 1983-ல் ஒரு அமெரிக்க அறிவியல் பத்திரிகை அட்டையில் அது தண்ணீரில் பாய்ந்து மீன் பிடிக்கிற மாதிரி படம் போட்டார்கள். 2001-ல் மற்ற எலும்புகளைச் சேர்த்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அது காலூன்றி நடந்த பிராணி என்று. படத்தை மாற்றிக்கொண்டார்கள். விஞ்ஞானத்தில் எனக்குப் பிடித்த குணமே இதுதான். சாட்சி வந்தால் கட்சி மாறுவார்கள்.

இப்போது நம் நாட்டுக்கு வருவோம். அடுத்து வருவது, பாடநூலில் இல்லையே என்று எனக்கு ஆத்திரம் வருகிற இடம்.

ரங்கா ராவ் என்று ஒரு இந்திய நிலவியல் அறிஞர். ஜம்மு காஷ்மீரில் ரஜௌரி மாவட்டத்து காலாகோட் பகுதியில் பாறைகளைத் தோண்டி எடுத்துச் சேர்த்து வைத்தார். அவர் காலமான பிறகும் அந்தக் கற்கள் வீட்டிலேயே கிடந்தன. நம் வீட்டில் என்றால் என்ன நடந்திருக்கும்? 'இந்தக் கல்லையெல்லாம் யார் கட்டிண்டு அழறது' என்று வாசலில் கொட்டியிருப்போம். அவர் மனைவி பத்திரமாக வைத்திருந்து, ஹான்ஸ் தேவிசன் என்ற ஆய்வாளரிடம் ஒப்படைத்தார். அவருடைய ஆய்வுக்கூடத்தில் ஒரு மண்டை ஓட்டைச் சுத்தம் பண்ணும்போது, கை தவறிக் காதுப் பகுதி உடைந்தது. உடைந்த இடத்தில் பார்த்தால்... அதே தடித்த விளிம்பு! திமிங்கலத்தின் காது!

ஆனால் அந்தப் பிராணி? பூனையை விடக் கொஞ்சம் பெரிசு. மெலிந்த கால்கள். நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் சருகுமான் என்று ஒரு குட்டி மான் இருக்கிறதே, கிட்டத்தட்ட அந்தச் சாயல். பெயர் இண்டோஹையஸ். இந்தியாவின் பெயரையே தாங்கியிருக்கிறது. கால் எலும்புகள் உள்ளே கனத்துப் போயிருந்தன. தண்ணீரில் மிதக்காமல் அடியில் நடக்க அந்தக் கனம் உதவும், நீர்யானைக்கு அப்படித்தான். 2007 டிசம்பரில் கட்டுரை வெளியானது. தேவிசனோடு, ரூர்க்கி ஐ.ஐ.டி.யின் சுனில் பாஜ்பாய் உள்ளிட்ட இந்தியர்களும் அதன் ஆசிரியர்கள்.

ஒரு நிமிஷம், அவசரப்பட்டு 'மான்தான் திமிங்கலமாச்சு' என்று வாட்ஸப்பில் போட்டுவிடாதீர்கள். இண்டோஹையஸுக்கு வயது சுமார் 4.8 கோடி வருஷம். பாகிசீட்டஸ் அதை விட மூத்தது. தாத்தா பேரனை விட இளையவராக இருக்க முடியாது. அதனால் இது நேரடித் தாத்தா இல்லை, பங்காளி வீடு.

இதைப் புரிந்துகொள்ள விழுப்புரம் ஜங்ஷன் ரொம்ப உதவும். சென்னையிலிருந்து வருகிற தண்டவாளம் அங்கே பிரிகிறது. விருத்தாசலம் வழியாகத் திருச்சிக்கு ஒன்று, கடலூர் வழியாக மயிலாடுதுறைக்கு ஒன்று, புதுச்சேரிக்கு ஒன்று, திருவண்ணாமலை வழியாகக் காட்பாடிக்கு ஒன்று. மயிலாடுதுறை லைன் திருச்சி லைனிலிருந்து பிறந்ததா? இல்லை. இரண்டும் ஒரே ஜங்ஷனிலிருந்து கிளம்பியவை. இன்று உயிரோடு இருக்கிற பிராணிகளில் திமிங்கலத்துக்கு மிக நெருங்கிய சொந்தம் நீர்யானை என்று 1990-களில் மரபணு ஆய்வுகள் சொன்னபோது பலருக்கும் சிரிப்பு வந்தது. நீர்யானை திமிங்கலமாகவில்லை. இரண்டும் ஒரு பழைய ஜங்ஷனில் ஒன்றாக நின்றவை. பாடநூல்களில் பரிணாமம் என்றால் இன்னமும் ஏணிப்படி மாதிரி வரிசையாக நிற்க வைத்துப் படம் போடுகிற பழக்கம் இருக்கிறது. ஏணியைத் தூக்கிப் போட்டுவிட்டு ரயில்வே மேப்பைப் போடுங்கள் என்பது என் கட்சி.

இந்த சொந்தத்துக்கு இன்னொரு சாட்சி, உங்கள் கறிக்கடையிலேயே இருக்கிறது. ஆட்டின் பின்னங்கால் கணுவில் ஒரு சின்ன எலும்பு. மேலேயும் கீழேயும் கிணற்று ராட்டினம் மாதிரி உருண்டிருக்கும். ஆடு, மாடு, மான், பன்றி, ஒட்டகம், நீர்யானை... இந்த இரட்டைக் குளம்பு வகையறாவுக்கு மட்டுமே உள்ள முத்திரை அது. 2001-ல் பாகிஸ்தானில் பழைய திமிங்கலங்களின் கணுக்கால் கிடைத்தது. அதே இரட்டை ராட்டினம்! மரபணுவும் எலும்பும் ஒரே தீர்ப்பைச் சொல்லிவிட்டன. டார்வினே 1859-ல் தன் புத்தகத்தின் முதல் பதிப்பில், வாயைத் திறந்தபடி நீந்திப் பூச்சி பிடிக்கும் கரடி ஒரு நாள் திமிங்கலம் மாதிரி ஆகலாம் என்று எழுதி, கேலிக்கு ஆளாகி, அடுத்த பதிப்புகளில் அதைக் குறைத்துக்கொண்டார். நிலத்திலிருந்துதான் போயிற்று என்ற அவர் யோசனை சரி. போன ஆள்தான் வேறு.

குஜராத்தின் கட்ச் பக்கம் போனால் கதையின் அடுத்த அத்தியாயம். அசோக் சாஹ்னியும் வி.பி. மிஸ்ராவும் 1970-களிலேயே அங்கே பழைய திமிங்கல எலும்புகளைப் பற்றி எழுதினார்கள். பிறகு பாஜ்பாயும் தேவிசனும் அங்கிருந்தே, நீர்நாய் மாதிரி நீளமான வாலோடு இருந்த ஒரு குட்டித் திமிங்கலத்துக்கு கட்ச்சிசீட்டஸ் என்று பெயர் வைத்தார்கள், 2000-ல். இந்த அசோக் சாஹ்னி யார் தெரியுமா? பீர்பால் சாஹ்னியின் தம்பி மகன். பீர்பால் சாஹ்னி யார்? அதே பத்தாம் வகுப்புப் பாடத்தில் 'இந்தியத் தொல்தாவரவியலின் தந்தை' என்று வருகிறாரே, அவர்தான்! பெரியப்பாவை ஒரு மார்க் கேள்வியாக்கிவிட்டு, தம்பி மகன் செய்த வேலையைப் பாடம் விட்டுவிட்டது. அந்த வேலை திமிங்கலத்தைப் பற்றியது. அதே பாடத்தில் திமிங்கலமும் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் ஒரு கோடு போட ஆள் இல்லை.

என் முக்கியமான குற்றச்சாட்டு இதுதான். பாடம் பரிணாமத்துக்கு வரிசையாகச் சாட்சிகளை அடுக்குகிறது. அமைப்பு ஒத்த உறுப்புக்கு மேலே சொன்ன படம். எச்ச உறுப்புக்கு மனிதனின் குடல்வால். முன்னோரின் குணம் திடீரென்று தலைகாட்டுகிற முதுமரபு மீட்சிக்கு, வாலோடு பிறக்கும் குழந்தை. புதைபடிவத்துக்கு ஜெர்மனியில் கிடைத்த ஆர்க்கியாப்டெரிக்ஸ் பறவை. சாட்சிக்கு ஒரு பிராணி, பெட்டிக்கு ஒரு உதாரணம். பையன் பெட்டி பெட்டியாகப் படிக்கிறான். கதை சேருவதே இல்லை.

ஆனால் ஒரே ஒரு திமிங்கலத்தைக் கூண்டில் ஏற்றினால் போதும், எல்லாச் சாட்சியும் அதுவே சொல்லும். துடுப்புக்குள் கை எலும்பு இருக்கிறதா? இருக்கிறது. எச்ச உறுப்பு? உடம்புக்குள் புதைந்த இடுப்பு எலும்பு. கருவியல்? டால்பின் கருவில் பின்னங்கால் மொட்டு முளைத்து, சில வாரத்தில் மறைந்துவிடுகிறது. முதுமரபு மீட்சி? 2006 அக்டோபரில் ஜப்பானின் தைஜியில் பிடிபட்ட ஒரு டால்பினுக்குப் பின்பக்கம் கூடுதலாக ஒரு ஜோடித் துடுப்பு இருந்தது. மறைய வேண்டிய கால் மறையவில்லை. புதைபடிவம்? காலாகோட்டும் கட்ச்சும். ஜெர்மனி வரை போக வேண்டியதே இல்லை.

எச்ச உறுப்பு என்றால் சுருங்கிப்போன, வேலை செய்யாத உறுப்பு என்று பாடம் இலக்கணம் சொல்கிறது. நான் படித்தது பி.காம். எங்களுக்கு இதில் ஒரு அனுபவம் உண்டு. முழுசாகத் தேய்மானம் கழித்த பழைய மேஜையைக் கணக்குப் புத்தகத்தில் ஒரு ரூபாய் என்று எழுதி வைப்போம். அதற்காக மேஜையை யாரும் தூக்கிப் போடுவதில்லை. அதன் மேல்தான் டிபன் பாக்ஸ், ஃபைல், காலண்டர் எல்லாம் இருக்கும். திமிங்கலத்தின் இடுப்பு எலும்பும் அப்படித்தான். நடக்கிற வேலை போய்விட்டது. ஆனால் இனப்பெருக்க உறுப்பின் தசைகளை அதுதான் பிடித்துக்கொண்டிருக்கிறது. எச்சம் என்றால் பழைய வேலையை இழந்தது என்று அர்த்தம். எந்த வேலையுமே இல்லை என்று அர்த்தமில்லை. டார்வினுக்கே இது தெரிந்திருந்தது. பத்தாம் வகுப்புக்கும் சொல்லிவிடலாம்.

இத்தனை கோடி வருஷம் கழிந்தும் திமிங்கலம் நிலத்தை மறக்கவில்லை என்பதற்கு வாலைப் பார்த்தாலே போதும். மீனின் வால் செங்குத்தாக நிற்கும், இடம் வலமாக அசையும். திமிங்கலத்தின் வால் படுக்கைவாட்டில் இருக்கும், மேலும் கீழுமாக அசையும். ஏன்? தெருநாய் ஓடும்போது அதன் முதுகைக் கவனியுங்கள். வில் மாதிரி மேலும் கீழும் வளையும். பாலூட்டி ஓடுகிற ஓட்டம் அது. அதே முதுகெலும்பைத்தான் திமிங்கலம் கடலுக்குக் கொண்டுபோனது. அது கடலுக்குள் நீந்துகிறது என்று நினைக்கிறோம். ஒரு கணக்கில், இன்னும் நாலுகால் பாய்ச்சலில் ஓடிக்கொண்டிருக்கிறது.

கடலுக்குத் திரும்பிப் போனது இந்த ஒரு கோஷ்டி மட்டும் இல்லை. பாக் விரிகுடா மீனவர்கள் ஆவுளியா என்று சொல்கிற கடல்பசு, யானையின் சொந்தக்காரன். தனி வண்டி பிடித்துக் கடலுக்குப் போனது. கடற்புல் மேய்கிற அந்தச் சாது பிராணிக்காக 2022-ல் தஞ்சாவூர், புதுக்கோட்டை கடலோரத்தில் 448 சதுர கிலோமீட்டர் பாதுகாப்பகம் அறிவித்தது தமிழக அரசு. சீல் வகையறா கரடி, நாய் பக்கத்துச் சொந்தம். அதற்கு மூன்றாவது வண்டி. மூன்று பேரும் வேறு வேறு ஊர். கடலில் வந்து ஒரே மாதிரி வழுவழுப்பான உடம்பாகிவிட்டார்கள்.

'சரிய்யா, இதையெல்லாம் தெரிஞ்சுக்காம திண்டிவனத்துப் பையனுக்கு என்ன குறைஞ்சுபோச்சு?' என்று கேட்பவர்கள் இருப்பீர்கள். நியாயமான கேள்வி. பையனுக்குக் குறைகிறதோ இல்லையோ, அவன் வளர்ந்து நிருபராகிறான், போலீஸ்காரராகிறான், கடற்கரையில் குடத்தோடு நிற்கிறவராகிறான். அங்கே தெரிகிறது.

2016 ஜனவரியில் தூத்துக்குடி மாவட்டம் மணப்பாடு பக்கம் 80-க்கும் மேற்பட்ட பைலட் திமிங்கலங்கள் கரை ஒதுங்கின. 40-க்கும் மேல் செத்துப்போயின. மீனவர்கள் பலதைப் படகு கட்டி ஆழத்துக்கு இழுத்துப்போய் விட்டார்கள். சில திரும்பக் கரைக்கே வந்தன. 1973 ஜனவரியில் அதே கரையில் 147 ஒதுங்கியதை மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தினர் பதிவு செய்திருக்கிறார்கள். இந்த மாதிரி நடக்கும்போதெல்லாம் நம் பத்திரிகைகளுக்கு ஒரு தலைப்பு தயாராக இருக்கும்: 'கூட்டுத் தற்கொலையா?' தற்கொலை இல்லை சாமி. பைலட் திமிங்கலங்கள் கூட்டுக் குடும்பம். வழிகாட்டி ஒன்று நோயாலோ திசை தவறியோ கரையேறினால் மற்றவை விட்டுவிட்டுப் போகாது என்பது ஆய்வாளர்கள் முன்வைக்கிற விளக்கங்களில் முக்கியமானது. பிள்ளைக்குப் பால் கொடுத்து வருஷக்கணக்கில் கூடவே வைத்து வளர்க்கிற இனம். அதை மீன் என்று நினைத்தால், திரும்பி வருவது முட்டாள்தனமாகத் தெரியும். பாலூட்டி என்று நினைத்துப் பாருங்கள், புரியும்.

இன்னொரு தலைப்பு, 'பல கோடி மதிப்புள்ள திமிங்கல வாந்தி பறிமுதல்'. அம்பர் என்பது எண்ணெய்த் திமிங்கலத்தின் குடலில், அது தின்கிற கணவாய்களின் செரிக்காத அலகுகளைச் சுற்றி உருவாகிற பொருள். மலத்தோடு வெளியேறுவதாகத்தான் இப்போது பெரும்பாலும் கருதுகிறார்கள். வாந்தி என்பதே சந்தேகம். அந்தக் கோடி கணக்கும் எனக்குப் புரிவதில்லை. இந்தியாவில் அதை வைத்திருப்பதும் விற்பதும் குற்றம். சட்டப்படி சந்தையே இல்லாத பொருளுக்கு நிருபர் எந்தச் சந்தையில் விலை விசாரித்தார்? அந்தத் தலைப்பைப் படித்துவிட்டு, கடற்கரையில் கிடைத்த எதையோ பையில் போட்டுக்கொண்டு ஆள் தேடிப் போகிறவர்தான் ஜெயிலுக்குப் போகிறார். தலைப்பு போட்டவர் போவதில்லை.

பாடச்சுமை ஏற்கெனவே அதிகம், இன்னும் சேர்க்கச் சொல்கிறீர்களே என்று ஆசிரியர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். நான் சேர்க்கச் சொல்லவில்லை. அதே பக்கம், அதே காகிதம், அதே அச்சுக்கூலி. சிதறிக் கிடக்கிற உதாரணங்களை எடுத்துவிட்டு, ஒரே பிராணியை உள்ளே விடுங்கள் என்கிறேன். குடல்வாலும் ஆர்க்கியாப்டெரிக்ஸும் ஓரத்தில் ஒரு பெட்டிச் செய்தியாக இருந்துவிட்டுப் போகட்டும். பக்கம் ஒன்றுகூடக் கூடாது. பையன் வீட்டுக்குப் போய் 'அம்மா, திமிங்கலம் நாலு கால்ல நடந்துச்சாம்' என்று சொல்லுவான். அமைப்பு ஒத்த உறுப்பின் இலக்கணத்தை எந்தப் பையனும் அம்மாவிடம் போய்ச் சொன்னதாகச் சரித்திரம் இல்லை.

திண்டிவனம், விழுப்புரம் பள்ளிகளுக்கு ஒரு வசதி கூட உண்டு. திருவக்கரைக்கு அழைத்துப்போய் அந்தக் கல்மரத்தைத் தொடச் சொல்லுங்கள். 'இந்த மரம் உயிரோடு நின்ற காலத்தில் கடலில் திமிங்கலம் காலை இழந்து முடித்துவிட்டது' என்று ஆசிரியர் ஒரு வரி சொன்னால், 2 கோடி என்ற எண்ணுக்கு ஒரு எடை வந்துவிடும். அங்கிருந்து மரக்காணம் கடலும் ரொம்பத் தூரமில்லை.

அடுத்த முறை பாடநூலைத் திருத்த உட்காருகிறவர்களுக்கு, என் பங்குக்கு ஒரு ஐந்து மார்க் கேள்வி தருகிறேன். பதிலை மனப்பாடம் பண்ண முடியாது, யோசித்துத்தான் எழுத வேண்டும்:

'கரை ஒதுங்கிய ஒரு டால்பினின் தலையில் ஒருவர் தண்ணீர் ஊற்ற வருகிறார். ஏன் ஊற்றக் கூடாது என்று, அதன் 5 கோடி வருஷக் குடும்பக் கதையைச் சொல்லி அவருக்கு விளக்குக.'